ஓஜேடி (வேலை செய்துகொண்டே பயிற்சி) என்று சொல்லி மூன்று வாரம் சம்பளம் இல்லையாம். பெங்களூரில் இதுதான் வழக்கமா?

ஜீவனஹள்ளி_அண்ணன்

வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன். பி.காம். முடித்துவிட்டு அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஒரு கால் சென்டரில் சேர்ந்தாள். பெயர் வேண்டாம். மாதம் 18,500 என்று பேச்சு. முதல் 12 நாள் வகுப்பறையில் உட்காரவைத்து மொழி, சாஃப்ட்வேர் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு ஊதியம் இல்லை என்றார்கள். கற்றுக்கொடுக்கிறார்கள், போகட்டும் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இப்போது ஓஜேடி தொடங்கியிருக்கிறது. ஹெட்செட் மாட்டி நேரடி கால் எடுக்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது கால். பக்கத்தில் ஒரு சீனியர் இருப்பார், ஆனால் அவரே நான்கு பேரைப் பார்த்துக்கொள்கிறார். இந்த மூன்று வாரத்துக்கும் சம்பளம் கிடையாதாம். சர்டிஃபிகேஷன் பாஸானால் அதற்கு மறுநாளிலிருந்துதான் சம்பளம் ஓடும். ஃபெயிலானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆஃபர் லெட்டரின் நான்காம் பக்கத்தில் 'பயிற்சிக் காலத்துக்கு ஊதியம் வழங்கப்படாது' என்று இருக்கிறது, அவள் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.

தினமும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அம்மாதான் காசு கொடுக்கிறார். வேலைக்குப் போகிற பெண் வீட்டிலிருந்து காசு வாங்கிக்கொண்டு போகிறாள் என்பது எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது? கேட்டால் வேலை போய்விடுமா?

மாரத்தஹள்ளி_பிஜி

எனக்கும் இப்படித்தான் நடந்தது. வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிட்டேன். முதல் கம்பெனியில் பிரச்சனை செய்தால் அடுத்த கம்பெனியின் வெரிஃபிகேஷனில் ஏதாவது எழுதிவிடுவார்களோ என்ற பயம். ஒரு மாதம்தானே, பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அனுபவம் கிடைத்தால் போதும். நல்லதற்குத்தான் சொல்கிறேன்.

சிவில்கோர்ட்_ஜூனியர்

மேலே எழுதிய நண்பரின் பயம் நியாயமானது. அதற்காகச் சட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். நான் இங்கே ஒரு சீனியரிடம் தொழில் பழகுகிறேன், தொழிலாளர் வழக்குகள் அவரிடம் நிறைய வருகின்றன. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் வேலையிடத்தில் பயிற்சி பெறுகிறவர் பெரும்பாலும் இரண்டில் ஒரு வகையில் வருவார். ஒன்று, 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) சட்டத்தின் கீழ் வருபவர். அவருக்கு ஒப்பந்தம் இருக்கும், அது அரசிடம் பதிவாகும், எவ்வளவு காலம் என்று எழுதியிருக்கும். அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அவரைத் தொழிலாளி என்று சொல்லாது, பயிற்சியாளர் என்றுதான் சொல்லும். அதனால் குறைந்தபட்ச ஊதிய விதி அவருக்கு வராது. ஆனால் அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு, முதலாளி உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. 2019இல் திருத்திய விதிகளின்படி ஐந்து முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவருக்கு மாதம் 5,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, பட்டம் பெற்றவருக்கு 9,000க்குக் குறையக் கூடாது. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் ஏறும். பயிற்சியில் அடிபட்டால் நஷ்ட ஈடும் உண்டு, அது 16ஆம் பிரிவு.

இந்தச் சட்டத்தின் கீழ் வராமல், வெறுமனே 'ட்ரெய்னி' என்று பெயர் வைத்து வேலை வாங்கினால் அது இரண்டாவது வகை. அங்கே பெயரைப் பார்க்க மாட்டார்கள், என்ன வேலை செய்தார் என்றுதான் பார்ப்பார்கள். 2003இல் நாசிக் ரப்பர் தொழிற்சாலை ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் செய்தது. நிர்வாகம் எல்லாரையும் பயிற்சியாளர்கள் என்றது. பயிற்சியாளர்களை மட்டும் வைத்து ஒரு தொழிற்சாலை எப்படி உற்பத்தி செய்யும் என்று பார்த்த நீதிமன்றம், அவர்கள் தொழிலாளர்களே என்றது.

ஆக தங்கை அப்ரண்டிஸ் என்றால் பி.காம். படித்தவருக்கு 9,000க்குக் குறையாமல் வரவேண்டும். அப்ரண்டிஸ் இல்லை, நேரடி கால் எடுக்கிறார் என்றால் குறைந்தபட்ச ஊதியமாவது வரவேண்டும். இரண்டு வழியிலும் பூஜ்யத்துக்கு இடமில்லை.

கையெழுத்து போட்டதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். 1948ஆம் ஆண்டு குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 25ஆம் பிரிவே, அந்த ஊதியத்தை விட்டுக்கொடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லியிருந்தது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்பு என்றது. வேறு வழியில்லாத ஒருவர் போடுகிற கையெழுத்து எப்படிப்பட்டது என்று அந்த நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது. படிக்கும்போது என் கண் கலங்கிய தீர்ப்பு அது.

பீனியா_லேத்து

தம்பி சொன்ன சட்டம் சரியாக இருக்கலாம். மறுபக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். பீனியா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு சின்ன ஷெட், நான்கு சிஎன்சி மெஷின், இரண்டு பழைய லேத்து. ஜாப் ஒர்க்தான் செய்கிறோம். ஐடிஐ முடித்த பையன் வந்தால் முதல் இரண்டு மாதம் அவனால் எனக்குச் செலவுதான். வெர்னியர் பிடிக்கத் தெரியும், ஆனால் பத்து மைக்ரான் என்றால் எவ்வளவு என்று கைக்குத் தெரியாது. ஆஃப்செட்டில் ஒரு புள்ளி தவறாகத் தட்டினால் டூல் போய் சக்கில் இடிக்கும். இன்செர்ட் போகும், சில நேரம் ஸ்பிண்டிலுக்கே அடி. கஸ்டமர் கொடுத்த காஸ்டிங் ரிஜெக்ட் ஆனால் அந்தக் காசும் என் பில்லில்தான் கழியும். என் ஆபரேட்டர் அவன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் அவருடைய மெஷின் சும்மா நிற்கும்.

நான் முதல் நாளிலிருந்து காசு கொடுக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன். நானே 1994இல் தர்மபுரியிலிருந்து வந்து ராஜாஜிநகரில் ஒரு ஷெட்டில் எட்டு மாதம் சாப்பாட்டுக்கு மட்டும் வேலை செய்தவன். ராத்திரி அங்கேயே சாக்கு விரித்துப் படுப்பேன். அந்தப் பசி எனக்கு மறக்கவில்லை. ஆனால் முழு ஆபரேட்டர் சம்பளத்தை முதல் மாதமே கொடு என்றால் என்னைப் போன்றவர்கள் புதுப் பையனைச் சேர்ப்பதையே நிறுத்திவிடுவோம். அது யாருக்கும் நல்லதில்லை.

பொம்மனஹள்ளி_தையல்

அண்ணா எழுதியதில் ஒரு விஷயம் உண்மை. கற்றுக்கொள்கிற நாட்களில் முதலாளிக்குச் செலவுதான். ஆனால் அந்த நாட்கள் எப்போது முடிகின்றன என்று யார் முடிவு செய்வது? என் சண்டை எல்லாம் அங்கேதான்.

நான் 2011இல் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனேன். முதலில் ட்ரெயினிங் ஹாலில் வேஸ்ட் துணி கொடுத்து நேர்கோடு, வளைவு என்று தைக்கவைத்தார்கள். பேப்பரில் கோடு போட்டு அதன்மேல் ஊசி ஓட்டச் சொல்வார்கள், நூல் கூட இருக்காது. அது பயிற்சிதான், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது வாரம் ஒரு லைனில் ஆள் வரவில்லை என்று என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். சட்டைக் காலருக்கு லேபிள் வைக்கிற வேலை. அன்றிலிருந்து நான் ஹாலுக்குத் திரும்பவே இல்லை. மற்றவர்களுக்கு என்ன டார்கெட்டோ அதில் முக்கால் பங்கு எனக்கும். சூப்பர்வைசர் கத்துவதில் மட்டும் முக்கால் பங்கு கிடையாது, முழுசாகக் கிடைக்கும்.

கையில் வந்தது ட்ரெய்னி காசு. ஐந்து மாதம். ஐந்தாம் மாதம் எங்கள் லைனில் பாதிப் பேர் ட்ரெய்னி. நான் வைத்த லேபிளோடுதான் அந்தச் சட்டைகள் பெட்டியில் ஏறி கப்பலுக்குப் போயின. வாங்குகிறவர் ட்ரெய்னி தைத்தது என்று விலையைக் குறைத்தா கொடுத்தார்? அந்தக் கணக்கைக் கேட்க அன்று எனக்குத் தெரியவில்லை. என்னோடு இருந்த ஒரு பெண், சின்னக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுக்கிற காசு போக அவள் கையில் ஒன்றுமே நிற்காது. இரண்டாம் மாதம் நின்றுவிட்டாள். சேர வேண்டிய பத்து நாள் காசு வாங்கவும் வரவில்லை.

ஆகவே ஜீவனஹள்ளி தம்பி, உங்கள் தங்கை கால் எடுக்க ஆரம்பித்த நாள்தான் அவள் ஹாலிலிருந்து லைனுக்கு வந்த நாள். அந்தத் தேதியை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

சிவில்கோர்ட்_ஜூனியர்

அக்கா, வக்கீல்கள் பத்துப் பக்கத்தில் எழுதுவதை ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். இன்னொன்று. அப்ரண்டிஸ் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே, அப்ரண்டிஸுக்கு ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைக் கணக்கில் கூலி கொடுக்கக் கூடாது, உற்பத்தி போனஸ் திட்டத்தில் சேரக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. அளவைத் துரத்த ஆரம்பித்தால் கற்பது நின்றுவிடும் என்பதுதான் அதன் காரணமாக எனக்குப் படுகிறது. டார்கெட் வைத்த நிமிடமே அது பயிற்சி என்ற பேச்சு பலவீனமாகிவிடுகிறது.

பீனியா அண்ணா, உங்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆகவேண்டும். 4 முதல் 29 பேர் உள்ள இடங்களுக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் சேர்க்கலாம். தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாய், மத்திய அரசே கொடுக்கிறது. பையனை அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் (இணையதளத்தில்) பதிந்து, ஒப்பந்தம் போட்டு முறையாகச் சேர்த்தால் நீங்கள் கேட்கிற குறைந்த தொகையைச் சட்டமே அனுமதிக்கிறது. பதியாமல் குறைப்பதுதான் தப்பு.

ராத்திரி_ஷிஃப்ட்

நான் அமெரிக்க கம்பெனி ஒன்றின் சம்பளக் கணக்கை இங்கிருந்து பார்க்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் அந்த ஊர் விதி கொஞ்சம் தெரியும். அங்கே பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் வேண்டாம் என்றால் நான்கும் சேர்ந்து பொருந்த வேண்டும். வேலை நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும், போவதும் போகாததும் தொழிலாளியின் விருப்பமாக இருக்க வேண்டும், அவர் பார்க்கிற வேலைக்கு நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது, அந்த நேரத்தில் வேறு உற்பத்தி வேலை எதுவும் செய்யக் கூடாது. ஒன்று தவறினாலும் அது வேலை நேரம்தான். எங்கள் க்ளையன்ட்டின் புது ஆட்கள் தீயணைப்பு வீடியோ பார்க்கிற அரை மணி நேரத்துக்குக் கூட நான் சம்பளம் போடுகிறேன்.

எதிர்த் தீர்ப்பும் அங்கே உண்டு. 1947இல் ரயில்வே பிரேக்மேன் வேலைக்குப் பழகிய ஆட்கள் வழக்கில், அந்த ஏழெட்டு நாள் பயிற்சிக்குக் கூலி தேவையில்லை என்றது அவர்களுடைய உச்ச நீதிமன்றம். காரணம், அவர்கள் யாருடைய வேலையையும் ஏற்கவில்லை, அவர்களால் ரயில்வேக்கு உடனடி லாபம் எதுவும் இல்லை, சில நேரம் வேலை தாமதமே ஆனது. பீனியா அண்ணன் சொல்கிற முதல் சில நாட்கள் போல. தங்கையின் ஓஜேடி அப்படி இல்லை. அவள் எடுக்கிற ஒவ்வொரு காலுக்கும் க்ளையன்ட்டிடம் பில் போக வாய்ப்பிருக்கிறது. இந்த அமெரிக்க விதி நமக்குச் செல்லாது, ஆனால் அவர் உழைப்பால் கம்பெனிக்கு லாபம் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

லிங்கராஜபுரம்_அக்கா

பியூட்டி பார்லர் கதை இன்னும் மோசம். கோர்ஸுக்கு என்று 30,000 கட்டினேன். மூன்று மாதம் கழித்து 'ப்ராக்டீஸ்' என்று கடையில் நிறுத்தினார்கள். த்ரெடிங், ஃபேஷியல், தீபாவளி சமயத்தில் காலை எட்டிலிருந்து ராத்திரி பத்து வரை. கஸ்டமர் கவுன்டரில் முழு ரேட் கட்டுவார், எனக்கு டிப்ஸ் மட்டும். காசு கட்டிக் கற்றவளுக்குக் கூலி எதற்கு என்பார் ஓனர். நானும் அதை நம்பினேன். இந்த இழையைப் படித்த பிறகுதான் அந்த நான்கு மாதத்தை நினைத்து அழுகை வருகிறது.

ஜீவனஹள்ளி_அண்ணன்

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி தங்கையோடு உட்கார்ந்து இதை எல்லாம் படித்தோம். அவளிடம் அப்ரண்டிஸ் ஒப்பந்தம் எதுவும் இல்லை, போர்ட்டலில் பதிந்ததாகவும் தெரியவில்லை. மூன்று கேள்வி. வகுப்பறையில் இருந்த 12 நாளுக்கும் கேட்கலாமா? 90 நாளுக்குள் நின்றால் பயிற்சிச் செலவு 25,000 கட்ட வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது, அதற்கு என்ன செய்வது? எங்கே போய்க் கேட்பது?

சிவில்கோர்ட்_ஜூனியர்

12 நாள்: சேர்ந்த தேதிக்குப் பிறகு, அவர்கள் சொன்ன நேரத்துக்கு, வராவிட்டால் வேலை இல்லை என்ற நிபந்தனையோடு உட்காரவைத்திருந்தால் கேட்கலாம் என்பது என் கருத்து. ஓஜேடி நாட்களைப் போல அது அவ்வளவு திடமாக நிற்காது. இரண்டையும் கேளுங்கள், ஆனால் தனித்தனியாக எழுதுங்கள்.

பாண்டு (சீக்கிரம் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை): இதில் பொய் நம்பிக்கை தரமாட்டேன். எல்லாப் பாண்டும் செல்லாது என்று இணையத்தில் எழுதுகிறார்கள், அது தவறு. நம் கர்நாடகத்திலிருந்து போன ஒரு வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டு முடிவதற்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனையைச் சரி என்றது. ஆனால் அவர் நல்ல சம்பளத்தில் இருந்த வங்கி அதிகாரி, அந்த வங்கி விளம்பரம், தேர்வு என்று செலவு செய்து ஆள் எடுக்கிற அரசு வங்கி. சம்பளமே கொடுக்காமல் 12 நாள் வகுப்பு நடத்தியவர் 25,000 நஷ்டம் என்றால் அந்தச் செலவு நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகை எவ்வளவாக இருந்தாலும் நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது. ஒன்று மட்டும் கட்டாயம்: அசல் மார்க் ஷீட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

எங்கே: பன்னேர்கட்டா ரோட்டில், ஐடிஐ வளாகத்தில், கார்மிக பவன். மாநிலத் தொழிலாளர் துறை அங்கேதான் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல், 1948 சட்டத்துக்குப் பதிலாக ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தில் ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும், இப்போது மூன்று ஆண்டு அவகாசம். ஊதியம் கொடுத்ததாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அதிகாரி, சேரவேண்டிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை ஈடு விதிக்கலாம். விலகினால் இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும். முதலில் எச்.ஆருக்கு மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள். பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

இதையெல்லாம் எழுதும்போது மனதில் ஒன்று உறுத்துகிறது. எங்கள் தொழிலிலேயே ஜூனியர்களுக்குப் பல இடங்களில் பஸ் காசுதான். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர் வக்கீலுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்று சொன்னது. அதே ஆண்டு இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. அடுத்தவர் கூலிக்காக வாதாடுகிற இடத்திலேயே இது நடக்கிறது, அதை மாற்றாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஸ்ரீராமபுரம்_வாசி

ஆதாரம் பற்றி ஒரு வார்த்தை. ரோஸ்டர், லாகின் நேரம், 'நாளைக்கு ஷிஃப்ட் ஆறு மணிக்கு' என்று டீம் லீடர் அனுப்பிய வாட்ஸ்அப், கேப் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஆனால் கஸ்டமர் பெயரும் நம்பரும் இருக்கிற திரையை மட்டும் போட்டோ எடுக்கவே கூடாது. அதை வைத்து உங்கள் மேலேயே திருப்பிவிடுவார்கள், என் நண்பனுக்கு நடந்தது.

கார்மிக பவனில் போய் நின்றால் முதலில் 'பரெது கொடி' என்பார்கள், எழுதிக் கொடுக்க வேண்டும். கன்னடத்தில் எழுத வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். இங்கேயே பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவன். காசு எதுவும் வேண்டாம்.

ஜீவனஹள்ளி_அண்ணன்

தகவல் சொல்ல வந்தேன். போன செவ்வாய் தங்கை மெயில் போட்டாள். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. 'நான் இத்தனாம் தேதியிலிருந்து நேரடி கால் எடுத்து வருகிறேன், அப்ரண்டிஸ் ஒப்பந்தம் இருந்தால் அதன் பிரதியைத் தாருங்கள், இல்லையென்றால் அந்த நாட்களுக்கான ஊதியத்தைத் தாருங்கள்' என்று நாலு வரி. அனுப்புகிற பொத்தானை அழுத்தும்போது அவள் கை நடுங்கியது, நான் பக்கத்தில் இருந்தேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை எச்.ஆர். கூப்பிட்டு, இது 'சிஸ்டம் தவறு' என்றாராம். இன்று அக்கவுண்டில் 6,404 ரூபாய் வந்திருக்கிறது. 18,500ஐ 26ஆல் வகுத்து, அதுவரை முடிந்த 9 ஓஜேடி நாளுக்குக் கணக்கு. மீதி நாட்களுக்கு மாதக் கடைசியில் வரும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பறை 12 நாளைப் பற்றிப் பேச்சே இல்லை. வேலையும் போகவில்லை.

பீனியா_லேத்து

சந்தோஷம் தம்பி. நானும் போர்ட்டலில் ஷெட்டைப் பதிந்துவிட்டேன், ஆதார் ஓடிபிக்கு மட்டும் அரை நாள் போராட்டம். இப்போது இருக்கிற இரண்டு பையன்களையும் முறையாகச் சேர்க்கிறேன். விரல் போனால் என்ன செய்வது என்று நான் இதுவரை எழுத்தில் யோசித்ததே இல்லை. 16ஆம் பிரிவைப் படித்த பிறகு அதுதான் முதல் வேலையாகத் தெரிந்தது.

பொம்மனஹள்ளி_தையல்

தம்பி, உங்கள் தங்கையின் பேட்ச்சில் மற்றவர்களுக்கு வந்ததா?

ஜீவனஹள்ளி_அண்ணன்

இல்லை அக்கா. அந்தப் பேட்ச்சில் 22 பேர். மெயில் போட்டவளுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. அதுதான் அவளுக்கு நேற்றிலிருந்து சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. நான்கு பெண்கள் அவளிடம் விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள், இரண்டு பேர் ஒடிசாவிலிருந்து வந்து பிஜியில் தங்கியிருப்பவர்கள். வியாழக்கிழமை அவர்களுக்கு வார விடுமுறை. அன்று காலை எல்லாரும் சேர்ந்து கார்மிக பவன் போகலாம் என்று இருக்கிறார்கள். ஸ்ரீராமபுரம் அண்ணா, பத்து மணிக்கு வர முடியுமா?

ஸ்ரீராமபுரம்_வாசி

வருகிறேன். டெய்ரி சர்க்கிள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். ஆஃபர் லெட்டரில் அந்த நான்காம் பக்கத்தை ஆளுக்கு இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லுங்கள்.